கூடுதலாக ஐம்பது ஓட்டு

சீலம்மா கத்துகிற வரைக்கும் யாரும் பயப்பட வேண்டியதில்லை. அவள் கத்துவது அன்றாடம் நடப்பதுதான். கிடங்கின் கூரை ஒழுகினால் கத்துவாள், எலி வந்தால் கத்துவாள், பேட்டரியைக் கழற்றாமல் பெட்டியை மூடி வைத்த மகானுபாவர் யார் என்று கேட்டுக் கத்துவாள். குரல் இறங்கி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேச ஆரம்பித்தால்தான் ஆபத்து. அப்போது கிடங்கு ஆட்கள் டீ குடிக்கிற சாக்கில் வெளியே நழுவிவிடுவார்கள். வீட்டில் அவள் கணவருக்கும் இது அத்துப்படி. "சத்தமா திட்டினா வீட்ல சாப்பாடு உண்டு. மெதுவா பேசினா கடையிலதான்" என்பார்.

சீலம்மா என்பது வேலை செய்த இடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். வாக்கு இயந்திரப் பெட்டியை நூலால் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றிச் சீல் வைப்பதை அவள் வேறு யாரையும் செய்ய விடமாட்டாள். ரேடியோ, டிவி பழுது பார்க்கும் பயிற்சி முடித்து, ஒரு கடையில் மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவள் அவள். ஒரு தேர்தலுக்கு முன்னால் பதினைந்து நாள் தற்காலிக வேலை என்று கூப்பிட்டார்கள். அந்தப் பதினைந்து நாள் இருபத்திரண்டு வருடமாக ஓடிவிட்டது.

கிடங்கில் எண்ணூற்று நாற்பது இயந்திரங்கள், இரும்பு அடுக்குகளில், சாம்பல் நிறப் பெட்டிகளுக்குள். முன்பு உரமூட்டை அடுக்கிய கட்டடம் அது. சுவரில் இன்னும் உப்பு பூக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் தகடு அரித்துவிடும் என்று அவள் பதினொரு கடிதம் எழுதியிருக்கிறாள். பதிலுக்கு ஒரு முறை இரண்டு வாளி வந்தது, ஒழுகுகிற இடத்தில் வைத்துக்கொள்ள.

கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவளிடம், இன்னொன்று தேர்தல் அதிகாரியிடம். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். வாசலில் காவலர், உள்ளே கேமரா, திறந்த ஒவ்வொரு முறைக்கும் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து. ஒரு தடவை அதிகாரி தன் சாவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்த அன்று சீலம்மா அவரிடம் மெதுவாகப் பேசியதைக் காவலர் இன்றைக்கும் வாய் ஓயாமல் சொல்வார்.

இப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறவளை ஊர் என்ன கேட்கிறது என்று நினைக்கிறீர்கள்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார், துணி எடுக்கப் போன கடையில் கேட்பார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு டாக்டர் கேட்டார்: "எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒரே ஆளுக்குத்தான் போகுமாமே?" பதில் சொல்ல முடியாத ஆத்திரத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் எகிறி, பல்லை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்.

அவள் ஒன்றும் இயந்திரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவள் இல்லை. அதன் லட்சணம் முழுக்க அவளுக்குத் தெரியும். இரண்டாயிரம் ஓட்டுக்கு மேல் வாங்காது. ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவே பன்னிரண்டு நொடி விட்டே ஆக வேண்டும். பதினாறு பேருக்கு மேல் போட்டியிட்டால் இன்னொரு பெட்டியைச் சேர்க்க வேண்டும். வெளியே எந்தக் கம்பியும் கிடையாது, இன்டர்நெட் கிடையாது, ஆகவே தூரத்திலிருந்து யாரும் எதுவும் செய்துவிட முடியாது. கையில் கிடைத்தால் செய்யலாம், அதனால்தான் இரண்டு பூட்டு, அதனால்தான் அரக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அழுத்தியது யார் விரல் என்று அதற்குத் தெரியாது. சோதனைக்குப் போட்ட ஓட்டும் மனுஷன் வரிசையில் நின்று போட்ட ஓட்டும் அதற்கு ஒன்றுதான். கூட்டச் சொன்னால் கூட்டும், அழிக்கச் சொன்னால் அழிக்கும்.

அழிக்கச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. வாக்குப்பதிவு அன்று விடியற்காலையில், வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் முன்னால் ஐம்பது சோதனை ஓட்டுப் போட வேண்டும். பிறகு 'க்ளோஸ்' அமுக்க வேண்டும், 'ரிசல்ட்' அமுக்கிக் கணக்கைக் காட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் 'க்ளியர்'. வரிசை மாறி எடுத்த எடுப்பில் க்ளியரை அமுக்கினால் அழியாது. பீப் என்று ஒரு சத்தம் கொடுத்து, திரையில் 'செல்லாது' என்று எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் சீலம்மாவின் வேலை. மூன்று மணி நேர வகுப்பில் ஒரு மணி நேரம் இந்த மூன்று பட்டனுக்கே போகும். நூற்றிருபது பேரையும் ஒவ்வொருவராக மேசைக்கு வரவழைத்து, கையால் செய்ய வைத்து, பூஜ்யம் வந்ததை வாயால் சொல்ல வைத்து, அப்புறம்தான் வருகைப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே டிக் போடுவாள்.

இந்த முறை நூற்றுப் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். டிக் நூற்றிருபது விழுந்தது.

வராத ஆள் அவளுடைய அண்ணன். பன்னிரண்டு வயது மூத்தவர், ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர். ரேடியோ பயிற்சிக்குப் பெண் பிள்ளையை அனுப்புவதா என்று உறவெல்லாம் மூக்கைச் சிந்தியபோது, "என் தங்கச்சி எதைப் படிக்கணும்னு நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னவர். அதே மனுஷன்தான் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம், "இதோ வந்துட்டா, தேர்தல் முடிவை முன்கூட்டியே தெரிஞ்சவ. என்னம்மா, அடுத்த தடவை யாரை ஜெயிக்க வைக்கப் போற?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பார். இருபத்திரண்டு வருடமாக அதே கேலி. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பாள்.

பயிற்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் போன் செய்தார்.

"நாளைக்கு நான் வரலைம்மா. ஸ்கூல்ல கட்டட வேலை நடக்குது. நான் அஞ்சு தேர்தல் பார்த்தவன், எனக்கே நீ பாடம் எடுக்கப் போறியா? பேருக்கு ஒரு டிக் போட்டுடு."

"இது புது மாடல்ணா. பட்டன் வரிசை மாறியிருக்கு."

"பட்டன்தானே. ராக்கெட் இல்லையே" என்று சிரித்தார்.

அவள் டிக் போட்டாள். அண்ணன் சொன்னதைத் தட்ட முடியவில்லை என்று அப்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். அவர் வராததில் அவளுக்கு நிம்மதி. நூற்றிருபது பேர் நடுவே அவர் பின்வரிசையில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிவிடுவார், கூடமே சிரிக்கும், அதற்கப்புறம் தன் பேச்சு எடுபடாது என்ற பயம். நாற்பத்தாறு வயதில், தன் தொழிலில் தன்னைவிடக் கைதேர்ந்தவர் அந்த ஊரில் இல்லை என்று தெரிந்தவளுக்கு, அண்ணன் சிரிப்புக்குப் பயம். பின்னால் இதை நினைத்தபோதெல்லாம் அவளுக்குத் தன்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது.

நடந்தது நகரசபைத் தேர்தல். பக்கத்து வார்டில் ஐந்து வாக்குச்சாவடிகள், நாலு வேட்பாளர்கள். அவர்களில் இரண்டு பேருக்குத்தான் போட்டி. ஒருவர் மரக்கடைக்காரர், மழைநீர்க் கால்வாயை மூடித் தன் மரக்கட்டைகளை அடுக்கி வைத்து, வருடா வருடம் கீழ்த்தெருவை முழங்கால் தண்ணீரில் நிறுத்துகிறவர். போதாததற்கு, ஒலிபெருக்கி வைத்த வண்டியில் நின்று, இயந்திரத்தில் மோசடி நடக்கிறது, கிடங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று வாய்க்கு வந்தபடி பேசியவர். இன்னொருவர் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. சீலம்மாவின் மகள் உட்பட அந்த ஊரின் பாதிக் குழந்தைகளை முதலில் கையில் வாங்கியவர். சீலம்மாவுக்கு அந்த வார்டில் ஓட்டு இல்லை. இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பாள் என்று கேட்கவே வேண்டாம்.

அண்ணனுக்குக் கிடைத்தது ஐந்தாம் சாவடி, சலவை ஆலைத் தெரு. ஆலையில் ஷிஃப்டுக்கு நடுவே அரை மணி நேரம் விடுவார்கள், அதற்குள் ஓடி வந்து வரிசையில் நிற்பார்கள் அந்தத் தெருக்காரர்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் விரல்கள் சுருங்கி வெளுத்திருக்கும், மை வைத்தால் சீக்கிரம் காயாது. வாக்குப்பதிவு அன்று பத்தரை மணிக்கு சீலம்மா மாற்று இயந்திரம் வைத்த ஜீப்பில் அந்தப் பக்கம் போனாள். வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எல்லாம் சரியா இருக்காண்ணா? ஏதாவது சந்தேகம் இருந்தா சொல்லுங்க, ஸ்பேர் வண்டியிலேயே இருக்கு."

"எல்லாம் ஜோர்" என்றார் அவர். அவள் அடுத்த சாவடிக்குப் போய்விட்டாள்.

ஓட்டு எண்ணும் நாளில்தான் வெடித்தது. நாலு சாவடிகளின் எண்ணிக்கை முடிந்தபோது நர்ஸம்மா இருபத்திரண்டு ஓட்டு முன்னால் இருந்தார். ஐந்தாவது பெட்டியைப் பிரித்தார்கள். வாக்காளர் பதிவேட்டின்படி அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். இயந்திரம் அறுநூற்று அறுபத்திரண்டு காட்டியது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஏஜெண்டுகள் போட்ட கூச்சலில் கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. மரக்கடைக்காரரின் ஆள் நாற்காலி மேல் ஏறி நின்று மோசடி மோசடி என்று கத்தினான், அந்தப் பெட்டியில் முன்னால் இருந்தது தன் முதலாளிதான் என்றுகூடப் பார்க்காமல்.

அதிகாரி சீலம்மாவை ஒரு தூண் ஓரமாக அழைத்துப் போனார். கெட்ட மனுஷர் இல்லை, எதையும் பூசி மெழுகி அன்றைய பொழுதை ஓட்டுகிறவர்.

"இயந்திரக் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. பெட்டியை ஓரமா வெச்சுடலாம். அந்த சாவடிக் கணக்கைச் சேர்க்காம, மீதி நாலை வெச்சு நர்ஸம்மா ஜெயிச்சாங்கன்னு அறிவிச்சுடறேன். ஊருக்கும் நல்லது."

"அறுநூத்திப் பன்னிரண்டு பேர் ஓட்டு?"

"மறு ஓட்டுப்பதிவு வேணுமான்னு மேலே கேட்டு எழுதுவோம்."

"மேலே எழுதி எதுக்காவது பதில் வந்திருக்கா சார்? எனக்கு வாளிதான் வந்துச்சு."

"மெஷின் மேல போட்டா யாருக்கு என்ன போச்சு? அதுக்கென்ன பெண்டாட்டி புள்ளையா இருக்கு, வந்து அழறதுக்கு? நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் தரேன். யோசிச்சு எழுதுங்க" என்றார் அதிகாரி.

அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. கோளாறு வந்த இயந்திரம் இப்படிக் கச்சிதமாக ஐம்பது கூட்டாது. சோதனை ஓட்டை அழிக்காமல் வாக்குப்பதிவை ஆரம்பித்திருக்கிறார்கள். பெட்டியோடு வந்த உறையின் மேல் தலைமை அலுவலர் கையெழுத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக விழுந்த அதே கையெழுத்து. தன் குரல் தொண்டையில் இறங்குவதை அவளே உணர்ந்தாள்.

நிரூபிக்க வழி இருந்தது. ஒவ்வொரு பட்டனும் அழுத்தப்பட்ட நேரத்தை இயந்திரம் உள்ளே குறித்து வைத்திருக்கும். தொழில்நுட்ப ஆள் எழுத்து மூலம் கேட்டால், ஏஜெண்டுகள் முன்னால் அதை அச்செடுத்துப் பார்க்கலாம். சோதனை ஓட்டு என்று தெளிவானால் அதைக் கழித்துவிட்டு மீதியை எண்ணலாம். ஆனால் எழுதிக் கேட்டால் விசாரணை வரும். பட்டனை அமுக்கத் தெரியாதவர் பயிற்சிக்கு வந்தாரா என்பதுதான் விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும். அவர் பெயருக்கு நேரே இருப்பது சீலம்மாவின் டிக்.

சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் அவர் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் சுவரோரமாக நின்றாள். விஷயம் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

"காலையில டெஸ்ட் ஓட்டு போட்டப்புறம் என்ன பண்ணீங்க?"

"அழிச்சேன்."

"எப்படி?"

"எப்படின்னா? க்ளியர்னு எழுதியிருக்கிற பட்டனை அமுக்கினேன். பீப்னு சத்தம் வந்துச்சு. மூணு தடவை அமுக்கினேன், மூணு தடவையும் வந்துச்சு."

"திரையில என்ன இருந்துச்சு?"

"கண்ணாடி பையில இருந்துச்சும்மா. வெளிச்சமும் இல்ல."

அந்த பீப் 'ஆச்சு' என்கிற சத்தம் அல்ல, 'மாட்டேன்' என்கிற சத்தம் என்று அவள் விளக்கினாள். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகியது. ஐம்பத்தெட்டு வயது, இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. இருட்டில், ஏஜெண்டுகள் அவசரப்படுத்த, கண்ணாடி இல்லாமல் ஒரு பட்டனை அமுக்கியிருக்கிறார். தெரியாமல் நடந்தது, தன் மேலும் பாதித் தப்பு, இருவரும் சேர்ந்து ஒத்துக்கொண்டால் ஒரு எச்சரிக்கையோடு போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷின் கணக்கையும் பதிவேட்டுக் கணக்கையும் எடுத்து எழுதணுமே. ஒன்பது மணிக்கு எழுதினப்போ தெரியலையா?"

அண்ணன் சிவப்புப் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரிஞ்சுது" என்றார்.

"அப்புறம்?"

"ரெண்டு இடத்திலயும் பதிவேட்டு நம்பரையே எழுதிட்டேன்."

சீலம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "பத்தரைக்கு நான் வாசல்ல நின்னேன். ஸ்பேர் வண்டியில இருக்குன்னு சொன்னேன். அப்பவே சொல்லியிருந்தா, எல்லார் முன்னாடியும் எழுதி வெச்சு, அதைச் சரிபண்ணக் கால் மணி நேரம். ஏன் சொல்லலை?"

"நூறு பேர் வரிசையில நிக்கறாங்க. அதுல பாதிப் பேர் என்கிட்ட படிச்சவங்க. ஹெட்மாஸ்டருக்கு ஒரு பட்டன் அமுக்கத் தெரியலை, தங்கச்சி வந்து சரிபண்ணிட்டுப் போனான்னு அவங்க சிரிக்கணுமா?"

"இருபத்திரண்டு வருஷமா நீங்க என்னைப் பார்த்து சிரிச்சீங்க. நான் செத்தா போயிட்டேன்?" அவள் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. "ஷிஃப்டுக்கு நடுவுல சோத்தைக்கூட விட்டுட்டு வந்து நின்னாங்க அந்த ஜனங்க. அவங்க ஓட்டைக் குப்பையில போடறதுக்கு நீங்க யாரு? வெளியே இருக்கறவன் மெஷினை என்னமோ பண்ணிடுவான்னுதானே அவ்வளவு பூட்டு போட்டு வெச்சிருக்கேன். உள்ளே உட்கார்ந்திருந்த எங்கண்ணனுக்கு எந்தப் பூட்டைப் போடறது?"

அண்ணிதான் பதில் சொன்னாள். "இவ்ளோ பேசறியே, ட்ரெய்னிங்குக்கு வந்தாருன்னு டிக் போட்டது யாரு? தோண்டினா உன் வேலையும்தான் போகும். நர்ஸம்மா ஜெயிச்சா உனக்கு வயித்தெரிச்சலா? அந்த மரக்கடைக்காரனுக்காகவா கூடப் பிறந்தவரைத் தெருவுல நிறுத்தப் போற? உன்னைப் படிக்க வெச்சவரும்மா."

எல்லாம் உண்மை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம். திட்டுவதற்கு ஒரு அயோக்கியனாவது கிடைத்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள். வழி நெடுக அண்ணனைத் திட்டினாள், அதிகாரியைத் திட்டினாள், கண்ணாடியைப் பையில் வைக்கிற ஆண்பிள்ளை ஜாதி முழுவதையும் திட்டினாள். திட்டித் தீர்த்த பிறகும் ஒருத்தி பாக்கி இருந்தாள். அந்த டிக்கைப் போட்ட விரலைக் கல்லில் வைத்து நசுக்கலாமா என்றிருந்தது. வீட்டில் அவள் மெதுவாகப் பேசியதைக் கேட்டதும் கணவர் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு அவள் அதிகாரியின் மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். முதலாவது, நேரப் பதிவை அச்செடுக்கக் கேட்கும் விண்ணப்பம். அதிகாரி பெருமூச்சு விட்டபடி கையெழுத்துப் போட்டார். இரண்டாவதைப் படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது.

"இது எதுக்கும்மா? யாரும் கேக்கலையே இன்னும். உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க."

"கேட்டப்புறம் சொன்னா அதுக்குப் பேரு வேற சார்."

அச்சு இயந்திரம் கடைச் சீட்டு மாதிரி ஒரு நீளத் தாளைத் துப்பியது. விடியற்காலை ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு மணி மூன்று நிமிடத்துக்குள் ஐம்பது ஓட்டு. ஆறு ஐந்துக்கு க்ளியர், செல்லாது. ஆறு ஐந்துக்கே மறுபடி க்ளியர், செல்லாது. ஆறு ஆறுக்கு இன்னொரு முறை, செல்லாது. ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு முதல் வாக்காளர். ஐம்பதும் யார் யாருக்கு விழுந்தது என்பது ஏஜெண்டுகளே கையெழுத்துப் போட்ட சோதனைத் தாளில் இருந்தது. பெரிய வேட்பாளர்கள் இருவருக்கும் பதின்மூன்று பதின்மூன்று, மற்ற இருவருக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு. கழித்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு சுத்தமாக நின்றது. அந்தச் சாவடியில் மரக்கடைக்காரர் முப்பத்தொரு ஓட்டு முன்னால். மொத்தத்தில் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார்.

அவருடைய வெற்றிப் பேச்சை சீலம்மா காதைப் பொத்திக்கொள்ளாமல் முழுக்கக் கேட்டாள். இயந்திரம் நேர்மையானது, கிடங்கில் இருப்பவர்கள் தெய்வங்கள் என்று அதே ஒலிபெருக்கியில் முழங்கினார். வந்து கும்பிட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கால்வாயைத் திறந்து விடுங்க முதல்ல" என்றாள். அவர் காது கேட்காதவர் போல அடுத்த ஆளைக் கும்பிடப் போய்விட்டார்.

நர்ஸம்மா அச்சுத் தாளை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கழித்தலைத் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்தார். "கணக்கு சரியா இருக்கும்மா" என்று சொல்லிக் கையெழுத்திட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திட்டியிருந்தால்கூட சீலம்மா தாங்கியிருப்பாள். அந்த அம்மா வாசலைத் தாண்டும் வரை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பதினொன்றரைக்கு அண்ணனைத் தற்காலிகப் பணி நீக்கம் செய்து உத்தரவு போயிற்று. பன்னிரண்டு மணிக்கு அதிகாரி அவளிடம் சாவியைக் கேட்டார். விசாரணை முடியும் வரை கிடங்கு வளாகத்துக்குள் அவள் வரக் கூடாது. இடுப்பு வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எந்தெந்த அடுக்கில் பேட்டரி கழற்றவில்லை, எந்த மூலையில் வாளி நிரம்பியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். வெளியே வந்ததும் கேட்டைக் காவலர் சாத்தினார். அவள் முகத்தைப் பார்க்காமல் சாத்தினார்.

கேட்டுக்கு எதிரே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில் உத்தரவு, மூக்கில் கண்ணாடி. ஒரே நாளில் முகம் வற்றிப் போயிருந்தது. வெயிலில் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"திருப்தியா?" என்றார்.

அவள் இடுப்பில் காலியாகத் தொங்கிய வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். ஒரு மெமோ கிடையாது. இன்னிக்கு ஸ்கூல் பியூன் எனக்கு வாசல் வரைக்கும் துணைக்கு வர்றான்." அவர் தாளைக் கசக்கினார், பிறகு என்ன நினைத்தாரோ தொடையில் வைத்துத் தேய்த்துச் சமமாக்கினார். "எல்லாம் என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா நீயும் சும்மா இல்லை. நான் ஆயிரம் சொல்லுவேன். உனக்குத் தெரியும்ல, அது எவ்வளவு முக்கியம்னு? வரலைன்னா டிக் இல்லைன்னு சொல்லியிருக்கணும். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயாவது என்னை அந்த வகுப்புல உட்கார வெச்சிருக்கணும். நீ செய்யலை. உன் தப்புக்கும் சேர்த்து நான் நிக்கறேன் இங்கே."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த நிலையிலும் பாதியைத் தூக்கி என் தலையில் வைக்கிறாரே. சொல்ல வேண்டியது எவ்வளவோ வரிசையில் வந்து நின்றது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

"ஆமா" என்றாள் மெதுவாக. "அதைத்தான் ரெண்டாவது தாள்ல எழுதிக் குடுத்திருக்கேன்."